ஓசூர் 'மாம்பழ ரூம்' கெஸ்ட் ஹவுஸ்: அறைக்கு மூன்று, சாப்பாட்டு மேஜைக்கு ஐந்து

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் இருக்கும் இந்த கெஸ்ட் ஹவுஸுக்கு மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. அறை சுமார்தான். மழை வந்தால் வைஃபை படுத்துவிடும். வாடகை பக்கத்து லாட்ஜைவிட ஒன்றரை மடங்கு. அப்படியும் நாலு நாட்டுக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டு, மறுநாளும் அதே மேஜைக்கு வருகிறார்கள் என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். குறைகளையும் சொல்லப்போவதால் வீட்டின் பெயரைப் போடவில்லை.

இது சுற்றுலா வருபவர்களுக்கான இடம் இல்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த நாளிலிருந்தே வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஓசூருக்கு வந்துபோகிறார்கள். இப்போது எலெக்ட்ரானிக்ஸ், மின்வண்டி ஆலைகளும் சேர்ந்துகொண்டன. மெஷினை இறக்கி, ஓட்டிக் காட்டி, நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வருபவர்கள் இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை தங்குவார்கள். ஓட்டல் அறை இரண்டு வாரம் தாங்கும். அதற்குமேல் ஆள் வாடிப்போவார், கோபம் மெஷின் மேல் திரும்பும். அதனால்தான் கம்பெனி அட்மின்கள் இந்த மாதிரி வீடுகளைத் தேடுகிறார்கள்.

வெளிநாட்டுக்காரர் வருவதற்கு முன்பே இந்த வீடு ஒரு பன்னாட்டு வீடுதான். மேனேஜர் கன்னடம், வாட்ச்மேன் தெலுங்கு, சமையல் அக்கா பாலக்கோட்டுத் தமிழ், அறை சுத்தம் செய்யும் பையன்கள் ஒடிசா. ஒரு வாக்கியத்தை ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடிப்பது ஓசூருக்குப் பழக்கம். அடுத்தவனுக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. இந்த வீட்டின் மூலதனம் அதுதான், கட்டடம் இல்லை.

முதலில் அறை நம்பர் விஷயம். ஜப்பான், கொரியா, தைவான் மூன்று ஊர்க்காரர்களுக்கும் 4 ஆகாது. அவர்கள் மொழிகளில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஜப்பான்காரருக்கு 9-ம் இடிக்கும், அது வேதனையின் ஒலி. ஐரோப்பாவில் 13 பிடிக்காதவர்கள் உண்டு. தைவான்காரர் 8 என்றால் விழுந்தடித்து வாங்குவார். நம் ஊரில் எண் சோதிடம் பார்ப்பவர்கள் 8 சனியின் எண் என்று தள்ளிவைப்பார்கள், வீட்டுக்காரரும் அதில் ஒருவர். எல்லோருக்கும் ஆகாததைக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் அதிகம் இருக்காது. எனவே நம்பரையே எடுத்துவிட்டுக் கிருஷ்ணகிரி மாம்பழங்களின் பெயரை வைத்துவிட்டார்கள்: மல்கோவா, செந்தூரா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், நீலம், அல்போன்சா, காலாப்பாடு, கிளிமூக்கு என்று. "நீலத்துல தண்ணி வரல", "செந்தூரா சாருக்கு ஒரு டீ" என்று கீழே குரல் கேட்கும். ஆறடி நாலங்குல ஜெர்மன்காரர் ஒருவரை வீடே 'இமாம்பசந்த் சார்' என்று கூப்பிடுகிறது, அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

யோசனை அருமை. நடைமுறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பார்சல் கொண்டுவரும் கூரியர்காரரும் சாப்பாடு கொண்டுவரும் பையனும் 'அறை எண் என்ன' என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டவர் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் கெஸ்ட் ஹவுஸ்காரர் செய்ய வேண்டிய ஆன்லைன் பதிவு, பழக்கத்தில் சி பாரம் என்கிறோமே, அதை இந்த வீடு தவறாமல் செய்கிறது. ஆனால் பதிவு ரசீதில் ஒரு எண், கதவில் ஒரு மாம்பழம், கரண்ட் மீட்டரில் வேறொரு எண் என்று மூன்று கணக்கு ஓடுகிறது. முன்பதிவு செய்யும் அட்மின் மூன்றையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

இனி மேஜை. காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இரண்டு பந்தி. இரவுப் பந்தியைத் தவறவிடக் கூடாது.

சமையல் அக்காவை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். ஜப்பான்காரர்கள் மட்டும் மரியாதைக்கு 'அக்கா சான்' ஆக்கிவிட்டார்கள். கொரியாக்காரர்களுக்கு இது சொல்லித்தரவே வேண்டாம், அவர்கள் ஊரில் சாப்பாட்டுக் கடை அம்மாவைச் சித்தி, பெரியம்மா என்ற முறையில் கூப்பிடுவது சகஜம். ஜெர்மன்காரருக்குத்தான் சிக்கல்: முழுப் பெயரைக் கேட்பார், குடும்பப் பெயரைக் கேட்பார், நம்மிடம் இனிஷியல்தான் இருக்கும். கொரியா ஆள் வந்து உட்கார்ந்ததும் 'உங்க ஊர்லயும் அம்மா, அப்பாதானாமே' என்று ஆரம்பிக்கும் வழக்கத்தை மட்டும் நம் ஆட்கள் கொஞ்ச நாள் நிறுத்தலாம். இந்தியாவில் இறங்கிய ஒவ்வொரு கொரியரும் விமான நிலையத்திலேயே அதைக் கேட்டு முடித்திருப்பார்.

மேஜையின் பெரிய சொத்து கடி ஜோக். ஜப்பானில் நடுவயது மாமாக்கள் அடிக்கும் சொல் விளையாட்டு ஜோக்குக்குத் தனிப் பெயரே உண்டு, கொரியாவிலும் 'மாமா ஜோக்' என்றுதான் சொல்வார்கள். 'ஃபுத்தோன் கா ஃபுத்தொந்தா', அதாவது மெத்தை பறந்துபோச்சு, என்பது ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த பழைய கடி. ஒரு கடி விழுந்தால் ஜப்பான்காரர் 'குளிருது' என்பார், கொரியாக்காரரும் 'சில்லுனு இருக்கு' என்பார், தைவானில் அந்த வகை ஜோக்கின் பெயரே குளிர் ஜோக். ஜெர்மனியில் மட்டும் அது தட்டை ஜோக். இதைக் கண்டுபிடித்த மேனேஜர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: யாராவது கடித்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு வர வேண்டும். ஜோக் புரியாதவருக்கும் ஃபேன் நின்றால் கடித்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும், எல்லோரும் சேர்ந்து கையைத் தேய்த்துக்கொள்வார்கள். மார்கழிக் குளிரில் ஃபேனே ஓடாது. அப்போது ஜன்னலைச் சாத்துகிறார்கள். மொழி தேவைப்படாத, யாரையும் குத்தாத வேடிக்கை. இந்த ஒரு வழக்கத்துக்காகவே மேஜைக்கு ஐந்து.

சனிக்கிழமை இரவு ஹாலில் டி.வி. ஓடும். கவுண்டமணி–செந்தில் காட்சிகளுக்கு சப்டைட்டில் தேவைப்படுவதில்லை. ஜப்பானில் 'மன்சாய்' என்று இரண்டு பேர் நின்று நடத்தும் நகைச்சுவை உண்டு: ஒருவர் உளறுவார், மற்றவர் திருத்துவார், சில சமயம் மண்டையில் ஒன்று போடுவார். கவுண்டமணி கை ஓங்குவதற்கு முன்பே ஜப்பான்காரர் சிரிக்க ஆரம்பிப்பது அதனால்தான். வடிவேலு காட்சிகளில் உடம்பால் செய்கிற சேட்டை எல்லோருக்கும் போகும், வாயால் பேசுகிற வீராப்பு போகாது. போடும் காட்சியை இதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஆட்களோ தங்களுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டு, பத்து நொடிக்கு ஒருமுறை நிறுத்தி விளக்கம் சொல்லி விருந்தாளியைத் தூங்கவைக்கிறார்கள்.

சாப்பாட்டில் அக்காவின் கை நல்ல கை. புதன்கிழமை களி. நொய் அரிசியை வேகவைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி உருண்டை பிடித்து, கீரைக் குழம்போடு வைப்பார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று சொன்னதும் மேஜையில் சிரிப்பு கிளம்பும். முதல் ஆள் மென்றுவிட்டுப் பல்லில் ஒட்டிக்கொண்டு முழிப்பார். இங்கே ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் புத்தாண்டுக்கு 'மோச்சி' என்ற அரிசிப் பண்டம் தொண்டையில் அடைத்து வயதானவர்கள் இறப்பது ஆண்டுதோறும் செய்தியில் வரும். விழுங்கச் சொன்னால் அவர்கள் தயங்குவது அந்தப் பயத்தில். 'என்ன சார் பயமா' என்று கலாய்க்கக் கூடாது. கோலிக்குண்டு அளவு கிள்ளி, குழம்பில் நன்றாக முக்கிக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. அக்கா அப்படித்தான் செய்கிறார். பரிமாறும் பையன்கள் எலுமிச்சை அளவு கிள்ளி நீட்டுகிறார்கள்.

காரப் போட்டியை இந்த வீடு உடனே நிறுத்த வேண்டும். 'கொரியாக்காரன் காரம் தின்பான்' என்று நம்பி ஊறுகாயையும் பச்சை மிளகாயையும் நீட்டுகிறார்கள். கொரியா மிளகாய்த்தூள் நிறத்தில்தான் மிரட்டும், காரம் மட்டு, லேசாக இனிப்பும் உண்டு. நம் குண்டூர் மிளகாயை அந்தக் கணக்கில் தின்றால் மறுநாள் ஆள் வேலைக்கு வரமாட்டார். ஆனால் ரோஷத்தில் 'காரமே இல்லை' என்றும் சொல்லுவார். வியர்க்கும் நெற்றியை நம்புங்கள், வாயை நம்பாதீர்கள். தண்ணீர் கொடுத்துப் பயனில்லை, தயிர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கருவாடு வறுக்கும் வாடைக்கு ஜெர்மன்காரர் ஜன்னலைத் திறப்பார், கொரியாக்காரர் சமையல்கட்டுக்கே வந்துவிடுவார். அவர்கள் ஊரில் சூப்புக்கு அடித்தளமே காய்ந்த நெத்திலி. அக்கா இப்போது நெத்திலிக் கருவாட்டின் தலையையும் வயிற்றையும் கிள்ளிப் போட்டு, உப்புப் போக இரண்டு தண்ணீரில் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டித் தருகிறார். வயிற்றை எடுக்காவிட்டால் கசக்கும். கழுவாவிட்டால் நம் கருவாட்டு உப்புக்கு சூப் வாயில் வைக்க முடியாது. அதற்குக் கைமாறாகக் கொரியாக்காரர்களின் கிம்ச்சி டப்பா, அதாவது அவர்கள் ஊர்ப் புளித்த காய்கறி ஊறுகாய், ஃபிரிட்ஜில் ஏறியிருக்கிறது. மூடி சரியில்லாத டப்பா என்றால் பக்கத்தில் இருக்கும் பாலும் கிம்ச்சியாகிவிடும், அக்கா அதைத் தனி அலமாரிக்குத் தள்ளிவிட்டார்.

அரிசியில் மட்டும் இந்த வீடு தோற்றுவிட்டது. புழுங்கல் பொன்னி உதிரி உதிரியாக வரும், அவர்கள் எடுத்துச் சாப்பிடும் குச்சியில் நிற்காது. குச்சி வைத்திருக்கிறார்கள், அதில் ஏறுகிற சோறு இல்லை. பெங்களூரில் ஜப்பான் ரகக் குட்டை அரிசி கிடைக்கிறது. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப்புக்கும் குறைவான தண்ணீரில் குக்கரில் வைத்தால் போதும், கஞ்சி வடிக்கவே கூடாது. வாரம் ஒரு நாள் செய்தால்கூடப் போதும். சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்திவிட்டு 'ஊதுவத்தி' என்று விளையாடும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் ஊரில் செத்தவருக்குப் படைக்கும்போதுதான் அப்படி நிறுத்துவார்கள். நம் பந்தியில் ஒருவர் இலையை எதிர்ப்பக்கமாக மூடினால் நமக்கு எப்படி இருக்கும்?

சாப்பாட்டைப் பற்றிக் கருத்து கேட்க வாசலில் சிரித்த முகம், சோக முகம் ஒட்டும் அட்டை வைத்திருக்கிறார்கள். வேஸ்ட். ஜப்பான்காரர் எல்லா நாளும் சிரித்த முகம்தான் ஒட்டுவார். ஜெர்மன்காரர் 'உப்பு அதிகம்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிடுவார். அக்கா முதல் வாக்கியத்துக்கே முகம் வாடி, இரண்டாவது கரண்டியைப் பார்க்காமல் போய்விடுவார். மிச்சம் விழும் வாளியைப் பார்த்தால் உண்மை தெரியும். எந்தத் தட்டில் எது மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டால் அட்டையே வேண்டாம்.

சிரிப்பு விஷயத்தில் இந்த வீடு எங்கே சறுக்குகிறது என்றால், கலாய்ப்பதில். நம் ஊரில் கலாய்க்கிறோம் என்றால் ஆளை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டோம் என்று பொருள். வந்தவருக்கு அது தெரியாது. எதைக் கலாய்ப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் நம்மை, பிறகு ஓசூர் டிராஃபிக்கை, பிறகு கரண்ட்டை, பிறகு சாப்பாட்டை, கடைசியில்தான் ஆளை. பையன்கள் நேரே கடைசிக்குப் போய்விடுகிறார்கள்.

கொரியா, ஜப்பான் ஆட்களில் மூத்தவரை இளையவர் முன்னால் கலாய்த்தால் இரண்டு பேருக்கும் சங்கடம், இளையவர் சிரிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கொரியா இளைஞர் மூத்தவர் முன்னால் குடிக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு குடிப்பார் என்று சொன்னால், பெரியப்பா வருகிறார் என்றதும் டம்ளரை மறைக்கும் நம் பையன்களுக்கு அந்தச் சங்கடம் உடனே விளங்கும். 'வயசு என்ன' என்று கேட்டால் கொரியாக்காரருக்குக் கோபம் வராது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று முடிவுசெய்ய அவரே முதலில் கேட்பார். பழைய கணக்கில் பிறந்ததும் ஒரு வயது, ஜனவரி 1 வந்தால் எல்லோருக்கும் இன்னொன்று. 2023 ஜூனிலிருந்து அரசுக் காரியங்களுக்கு உலக வழக்கு வயதுதான் என்று சட்டம் வந்துவிட்டாலும் பேச்சில் இரண்டும் ஓடுகிறது. பிறந்தநாள் கேக்கில் நம்பர் மெழுகுவத்தி வைக்குமுன் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மன்காரரிடம் வயசு, சம்பளம், கல்யாணம் மூன்றையும் அவராகச் சொல்லும்வரை தொடவேண்டாம்.

'நல்லா சதை போட்டுட்டீங்களே சார்' என்று அக்கா சொல்வது தன் சமையலுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சர்டிபிகேட். கேட்பவர் கண்ணாடி முன்னால் போய் நிற்பார். ஜப்பான்காரர் அதற்கும் சிரிப்பார். அங்கேதான் ஏமாறுகிறார்கள், சங்கடத்தில் வரும் சிரிப்பும் சிரிப்பாகத்தான் தெரியும். ஜோக் பிடித்ததா என்று தெரிய ஒரே சோதனை: இரண்டு நாளுக்குள் அவர் திருப்பிக் கலாய்க்கிறாரா? கலாய்த்தால் நல்லது. பந்தி முடிந்தபிறகு தனியாக வந்து சாப்பிட ஆரம்பித்தால் எங்கேயோ பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உச்சரிப்பை அவர் எதிரிலேயே மிமிக்ரி செய்வது எந்த நாட்டுக்காரரிடமும் எடுபடாது. மாறாக 'ழ' விளையாட்டு எடுபடும்: வாழைப்பழம் என்று எல்லோரும் சொல்லிப் பார்ப்பது. வாட்ச்மேனுக்கும் வராது, மேனேஜருக்கும் வராது, நம் ஆட்களில் பாதிப் பேருக்கும் வராது. விருந்தாளி மட்டும் தனியாகத் தோற்கும் விளையாட்டு இல்லை என்பதால் அது ஓடுகிறது.

தலையாட்டும் விஷயத்தை எல்லோரும் ஜோக்காகச் சொல்வார்கள், இங்கே நஷ்டக் கணக்கு உண்டு. ஜப்பான்காரர் தலையசைத்து 'ஹாய்', அதாவது அவர்கள் மொழியில் 'ஆமாம்', என்றால் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பெரும்பாலும் பொருள், சம்மதம் என்று இல்லை. நம் ஆட்டல் வலமும் இடமுமாகப் போனால் அவருக்கு மறுப்பாகப் படும். நாளைக்குக் கார் எத்தனை மணிக்கு என்பதைத் தலையை நம்பி முடிவுசெய்தால் கார் ஒரு நேரத்திலும் ஆள் வேறொரு நேரத்திலும் வந்து நிற்பார்கள். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுவது இந்த வீட்டில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் நிறுத்தும் நாளில் வீட்டுக் குழுவில் அழுகிற வடிவேலு ஸ்டிக்கர் ஒன்று வரும். அவ்வளவுதான் அறிவிப்பு. நம் ஆட்கள் பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போடுவார்கள். விருந்தாளி யாரோ தவறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அனுதாபச் செய்தி அனுப்புவார். ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் 'காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்' என்று எழுதிவிட்டுப் பிறகு வடிவேலுவை அனுப்பலாம்.

படிக்கட்டுப் பக்கம் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது, இங்கிலீஷில் எழுதியது. அதன் தமிழ்:

உடனே – 15 நிமிடம்
அஞ்சு நிமிஷம் – 20 நிமிடம்
ஆள் கிளம்பிட்டான் – இன்னும் குளிக்கப் போகவில்லை
பக்கத்துலதான் – 3 கிலோமீட்டர்
நாளைக்குப் பாத்துக்கலாம் – மறந்துவிடவும்

முதல் வாரம் வருகிறவர் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் அதுவே சாக்காகிவிடுகிறது. குழாய் ஒழுகுகிறது என்றால் பையன் பலகையைக் காட்டிச் சிரிக்கிறான். தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டுவிட்டால் வேலையைச் செய்ய வேண்டாம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பலகையின் கடைசியில் ஒரு ஜெர்மன் கையெழுத்து: 'பிளம்பர் – 9 நாள்'. பலகையிலேயே நல்ல ஜோக் அதுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கியவருக்கு வீட்டுச் சார்பில் சுவர்க் கடிகாரம் பரிசு தருகிறார்கள். 1984-ல் டைட்டன் தொடங்கிய காலத்திலிருந்து ஓசூருக்கும் நேரத்துக்கும் உறவு இருப்பதால் பொருத்தமாகத்தான் தோன்றும். தைவான்காரருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடிகாரம் கொடுப்பது அவர்கள் மொழியில் இறுதிச் சடங்குக்கு அனுப்பிவைப்பது போல் ஒலிக்கும். பெரியவர்களுக்கு என்றால் இன்னும் மோசம். கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் அவரிடம் ஒரு ரூபாய் நாணயம் வாங்கிக்கொள்ளுங்கள், அன்பளிப்பு விற்பனையாகிவிடும், தோஷம் போகும். இது அவர்களே செய்யும் பரிகாரம். விளக்கு வைத்தபிறகு உப்பும் ஊசியும் கைமாற்றாத நமக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சுலபமான வழி எவர்சில்வர் டபரா டம்ளர். எல்லா நாட்டுக்காரருக்கும் பிடிக்கிறது, ஆற்றிக் காட்டச் சொன்னால் ஒரு மாலைப் பொழுதும் ஓடிவிடும்.

மாதம் ஒருமுறை ஒகேனக்கல் போகிறார்கள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்புவதற்கு முன் விசாரிப்பது அவசியம். இந்த வீட்டில் அதைக் கேட்காமலேயே வண்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கே ஆற்றங்கரையில் செய்துவிடும் எண்ணெய் மசாஜ் பற்றி முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கொரியாவில் பொதுக் குளியலறையில் முன்பின் தெரியாதவர் உடம்பைத் தேய்த்துவிடுவது வழக்கம், அவர்கள் தட்டும் சத்தத்துக்கே மகிழ்ந்து படுத்துவிடுவார்கள். ஜெர்மனியில் நீராவிக் குளியலறைக்கு ஆணும் பெண்ணும் துணியில்லாமல் போவது சாதாரணம். எனவே அங்கே கவலை எதிர்ப்பக்கம்: அரைக்கால்சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், ஆற்றங்கரையில் சொன்னால் தாமதமாகிவிடும். ஜப்பான்காரரிடம் இன்னொன்றும் சொல்லலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் அரசின் ஜைக்கா அமைப்புதான் கடன் கொடுத்தது. 2013-ல் திறந்தார்கள், ஓசூருக்கும் அந்தத் தண்ணீர்தான் வருகிறது. 'உங்க ஊர்க் கடன்லதான் டீ போடுறோம்' என்று மேனேஜர் அடிக்கும் ஜோக் ஒவ்வொரு புதிய ஜப்பான்காரரிடமும் வேலைசெய்கிறது.

அறைகள் பற்றிச் சுருக்கமாக. சோலார் வெந்நீர், அதனால் இரவு குளிக்கும் ஜப்பான்காரருக்கு நல்ல சூடு, காலையில் குளிக்கும் மற்றவர்களுக்கு டிசம்பரில் வெதுவெதுப்புக்கூட மிஞ்சாது. கீசர் நாலு அறைகளில்தான் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கழிவறைக் குழாய் குறுகல், காகிதம் போட்டால் அடைக்கும். அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், குப்பைக் கூடை வைக்க மறந்துவிட்டார்கள். செருப்பை வாசலில் விடச் சொன்னால் ஆசியக்காரர்கள் சந்தோஷமாக விடுவார்கள், ஜெர்மன்காரர் வீட்டுக்குள் போட வேறு செருப்பு கேட்பார், இரண்டு பெரிய சைஸ் வாங்கி வைக்கலாம். மார்கழியில் விடிகாலை ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிக்கும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி என்பதைச் சட்டமாக வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவர் 'இதை எங்கே புகார் செய்வது' என்று கேட்பார். முன்பே சொல்லி, காதில் வைக்கும் பஞ்சும் கொடுத்தால் அவரே இரண்டாவது வாரம் பொங்கல் வாங்க வரிசையில் நிற்பார்.

முன்பதிவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் பேசுங்கள், பாஸ்போர்ட், விசா நகலை அப்போதே அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டில் ஆகாதவற்றை எழுத்தில் கேட்டு அக்காவிடமே நேரில் கொடுங்கள், மேனேஜர் மேஜையில் வைத்தால் அங்கேயே இருக்கும். மல்கோவாவும் செந்தூராவும் நல்ல அறைகள். கிளிமூக்கு வேண்டாம், தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார், காலை நாலரைக்குப் போடுகிறார்கள்.